குடவோலை: உத்திரமேரூரில் ஒரு குலுக்கலின் வரலாறு

காஞ்சிபுரத்துக்குத் தெற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ள உத்திரமேரூர், பல்லவர் காலத்தில் பிராமணர்களுக்கு உரிமையாக்கப்பட்ட ஒரு சதுர்வேதிமங்கலம். அங்குள்ள வைகுண்டப் பெருமாள் கோயிலின் கல்லில் முதலாம் பராந்தக சோழனின் 12-ஆம், 14-ஆம் ஆட்சியாண்டுகளைச் சேர்ந்த இரு கல்வெட்டுகள் உள்ளன. முதலாவது கி.பி. 919-ஐயும் இரண்டாவது 921-ஐயும் சேர்ந்தவை. ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு ஆண்டுதோறும் எப்படி ஆள் எடுக்க வேண்டும் என்பதை இரண்டும் விதியாகச் சொல்கின்றன. 1898-இல் படியெடுக்கப்பட்ட இவற்றை வெ. வெங்கையா, கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி, கே. வி. சுப்பிரமணிய ஐயர் ஆகியோர் ஆராய்ந்து எழுதிய பிறகு, பழந்தமிழரின் தேர்தல் முறைக்கு இவையே சான்று என்ற பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் உத்திரமேரூரில் யாரும் யாருக்கும் வாக்களிக்கவில்லை. தகுதி உள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டுக் குலுக்கி எடுத்தார்கள். கணிதம் அறிந்தவர் கண்ணோடு படித்தால், இந்தக் கல்வெட்டுகள் தேர்தலின் வரலாற்றைவிடக் கூறெடுப்பின் வரலாற்றுக்கே நெருக்கமானவை. பெரிய தொகுதி ஒன்றிலிருந்து சிலரை மட்டும் எடுக்கும்போது கையூட்டும் விருப்பு வெறுப்பும் உள்ளே நுழையாமல் எப்படித் தடுப்பது என்ற கேள்விக்கு அவை மிகத் துல்லியமான விடை தருகின்றன.

ஓலையைக் குடத்திலிட்டு எடுக்கும் பழக்கம் சோழர் காலத்துக்கு மிக முந்தியது. அகநானூற்றின் 77-ஆம் பாட்டு, கயிற்றால் கட்டி இலச்சினையிட்ட குடத்தைத் திறந்து அதிகாரிகள் ஓலைகளை வெளியே எடுப்பதை உவமையாகக் கையாள்கிறது. உவமையாகச் சொல்லும் அளவுக்குக் கேட்பவர்களுக்குப் பழகிய காட்சியாக அது இருந்திருக்க வேண்டும். உத்திரமேரூர்ச் சபை செய்தது, அந்த வழக்கத்துக்கு எழுத்தில் ஓர் ஒழுங்கைக் கொடுத்ததுதான். 919-இல் அரசனின் ஆணையோடு தத்தனூர் மூவேந்தவேளான் என்ற அதிகாரி சபையில் உடனிருக்க முதல் விதிகள் வகுக்கப்பட்டன. இரண்டே ஆண்டில் அவை திருத்தப்பட்டு விரிவடைந்தன. 921-இன் கல்வெட்டு தன் நோக்கத்தையும் கூறுகிறது: தீயவர் ஒழிந்து நல்லவர் தழைக்க வேண்டும். முதல் விதிகளில் ஓட்டை கண்டுபிடித்து யாரோ நுழைந்திருக்கிறார்கள் என்று ஊகிக்க இடமுண்டு. அவ்வளவு விரைவில், அவ்வளவு நுணுக்கமாக வேறு எதற்காகத் திருத்த வேண்டும்?

ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்பு என்பது இன்றைய வார்டு போன்றது. ஒவ்வொரு குடும்பிலும் உள்ளவர்கள் கூடித் தகுதியானவர்களின் பெயர்களை எழுத வேண்டும். தகுதி என்ன? இறை செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் கட்டிய வீட்டில் குடியிருக்க வேண்டும். வயது 35-க்கு மேலும் 70-க்குக் கீழும் இருக்க வேண்டும். வேதக் கல்வி வேண்டும். ஒரு வேதமும் ஒரு பாடியமும் கற்று ஓதுவிக்க வல்லவரானால் அரைக்கால் வேலி நிலமே போதும். காரியத்தில் தேர்ச்சியும் நேர்மையான ஈட்டமும் வேண்டும். கடந்த மூன்று ஆண்டுகளுக்குள் எந்த வாரியத்திலும் இருந்திருக்கக் கூடாது. விலக்கப்பட்டவர்களின் பட்டியல் இதைவிட நீளமானது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவரின் பெயரை எழுதக் கூடாது. அவருடைய தகப்பன், மகன், உடன்பிறந்தார், மருமகன், மாமன் மக்கள், அத்தை மக்கள், சிற்றன்னை பேரன்னை மக்கள் என்று உறவு முழுவதும் விலக்கில் வருகிறது. பிறர் பொருளைக் கவர்ந்தவர், மகாபாதகங்கள் செய்தவர், கள்ளக் கையெழுத்திட்டுக் கழுதை ஏற்றப்பட்டவர் ஆகியோருக்கும் ஓலை கிடையாது.

இங்கே நின்று ஒன்றைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். குடத்துக்குள் போகும் பெயர்களை முடிவுசெய்யும் இந்தக் கட்டத்திலேயே ஊரின் பெரும்பகுதி வெளியே நின்றுவிட்டது. பெண்கள் இல்லை, நிலமற்றவர் இல்லை, பிராமணர் அல்லாதவர் இல்லை. வயலில் உழைத்தவரின் பெயரும் ஊருக்கு வேண்டிய தொழில் செய்தவரின் பெயரும் எந்த ஓலையிலும் ஏறவில்லை. இன்றைய புள்ளியியல் இதைக் கூறெடுப்புச் சட்டகம் என்கிறது: யாரிடமிருந்து எடுக்கப் போகிறோமோ அவர்களின் முழுப் பட்டியல். சட்டகத்தில் விடுபட்டவர் எத்தனை முறை குலுக்கினாலும் வெளியே வர மாட்டார். குலுக்கல் எவ்வளவு நேர்மையாக இருந்தாலும் அது பட்டியலின் குறையைத் திருத்தாது. உத்திரமேரூரைக் குடியாட்சியின் தொட்டில் என்று மேடையில் சொல்பவர்கள் பெரும்பாலும் இதைக் கடந்துவிடுகிறார்கள். அந்த முறையை மதிப்பவர்களே இதை முதலில் சொல்ல வேண்டும்.

குலுக்கும் நாளின் நடைமுறைதான் கல்வெட்டின் உயிர். ஒவ்வொரு குடும்பின் ஓலைகளும் தனித்தனிக் கட்டாகக் கட்டப்படும். கட்டின் மேல் எந்தக் குடும்பு என்று காட்டும் வாயோலை பூட்டப்படும். அப்படி 30 கட்டுகளும் ஒரு குடத்தில் போகும். அன்று இளையவரும் முதியவருமாகச் சபை முழுவதும் கூட வேண்டும். ஊரில் இருக்கும் கோயில் பூசகர்களான நம்பிமார் ஒருவர்கூட விடுபடாமல் உள் மண்டபத்தில் அமர வேண்டும். அவர்களில் மூத்தவர் எழுந்து, குடத்தை எல்லோரும் காணும்படி மேல் நோக்கி எடுத்து நிற்பார். ஒன்றும் அறியாத சிறுவன் ஒருவன் ஒரு கட்டை எடுப்பான். அந்தக் கட்டை அவிழ்த்து இன்னொரு வெறுங்குடத்தில் போட்டுக் குலுக்குவார்கள். அதிலிருந்து அதே சிறுவன் ஓர் ஓலையை எடுத்து நடுவரான மத்தியஸ்தன் கையில் கொடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் அதை வாங்க வேண்டும். அவர் படித்த ஓலையை மண்டபத்தில் இருக்கும் நம்பிமார் எல்லோரும் படிக்க வேண்டும். அதன் பிறகே அந்தப் பெயர் எழுதப்படும். இப்படியே 30 குடும்புக்கும் 30 பேர்.

இந்த வரிசையில் வீணான படி ஒன்றுகூட இல்லை. வாசிக்கத் தெரியாத சிறுவன் எடுப்பதால் எடுக்கும் கைக்கு எந்த ஓலை யாருடையது என்று தெரியாது. விரல்களை விரித்து வாங்குவதால் உள்ளங்கையில் மறைத்து வைத்த வேறு ஓலையை மாற்ற முடியாது. பலர் படிப்பதால் ஒருவர் பொய்யாகப் படிக்க முடியாது. இத்தாலியின் வெனிசு நகரம் 13-ஆம் நூற்றாண்டில் தன் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் நீண்ட குலுக்கல் முறையை அமைத்தபோது அங்கேயும் உருண்டைகளை எடுக்கத் தெருவிலிருந்து ஒரு சிறுவனைத்தான் அழைத்து வந்தார்கள். ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரு ஊர்கள் ஒரே முடிவுக்கு வந்தது தற்செயல் இல்லை. பெரியவர் கையில் விருப்பு இருக்கும் என்பதை இரு ஊர்களும் பட்டறிந்திருந்தன. இன்றைக்கும் கோயிலில் திருவுளச்சீட்டு எடுக்கச் சிறு குழந்தையைத்தான் அழைக்கிறார்கள்.

இரண்டாவது குடத்தின் அருமை ஆயிரம் ஆண்டு கழித்து வேறு ஒரு நாட்டில் தெரிந்தது. 1969 டிசம்பர் 1 அன்று அமெரிக்கா, வியட்நாம் போருக்கு இளைஞர்களைச் சேர்க்கப் பிறந்தநாள்களைக் குலுக்கி எடுத்தது. 366 நாள்களுக்கும் 366 குப்பிகள். அவற்றை மாதவாரியாகப் பெட்டியில் இட்டார்கள். பிறகு கண்ணாடிச் சாடிக்கு மாற்றினார்கள். ஆனால் போதிய அளவு கலக்கவில்லை. கடைசியில் இடப்பட்ட நவம்பர், டிசம்பர் மாதக் குப்பிகள் மேலே தங்கி, முன்னதாகவே எடுபட்டன. ஆண்டின் பிற்பகுதியில் பிறந்தவர்கள் அதிக எண்ணிக்கையில் போருக்கான அழைப்பின் முன்வரிசைக்கு வந்தார்கள். புள்ளியியலாளர்கள் எண்களை வைத்து இதைச் சுட்டிக்காட்டிய பிறகு, அடுத்த ஆண்டுக் குலுக்கலுக்குச் சமவாய்ப்பு எண் அட்டவணைகளின் துணை தேடப்பட்டது. குடத்தில் இடுவது வேறு, குலைத்துக் கலப்பது வேறு. உத்திரமேரூர்க் கல்வெட்டு கட்டை அவிழ்த்து வேறு குடத்தில் போட்டுக் குலுக்கச் சொன்னதை இந்த நிகழ்ச்சியோடு வைத்துப் படித்தால்தான் அதன் முழு எடை தெரியும்.

எடுத்த 30 பேரில் முன்பு தோட்ட வாரியத்திலும் ஏரி வாரியத்திலும் இருந்தவர்கள், கல்வியிலும் வயதிலும் மூத்தவர்கள் ஆகிய 12 பேர் ஆண்டு வாரியமான சம்வத்சர வாரியத்துக்குப் போவார்கள். மற்றவர்களில் 12 பேர் தோட்ட வாரியம்; 6 பேர் ஏரி வாரியம். 360 நாள் பணி முடிந்ததும் எல்லோரும் இறங்க வேண்டும். இடையில் குற்றம் கண்டால் அப்போதே நீக்கம். பஞ்சவார வாரியத்துக்கும் பொன் வாரியத்துக்கும் தனிக் குலுக்கல் உண்டு. அவற்றுக்கு ஒரு முறை ஆள் தந்த குடும்பை அடுத்த முறை விட்டுவிட்டு மிஞ்சிய குடும்புகளிலிருந்தே எடுக்க வேண்டும் என்கிறது விதி. எடுத்ததைத் திரும்ப இடாமல் எடுப்பது என்று புள்ளியியல் பாடநூல்கள் கற்பிக்கும் முறை இதுவே.

ஆனால் இந்த ஏற்பாட்டின் ஆழமான கூறு 30 கட்டுகளில் இருக்கிறது. எல்லாப் பெயர்களையும் ஒரே குடத்தில் கொட்டி 30 எடுத்திருக்கலாமே! அப்படிச் செய்யாததால் என்ன கிடைத்தது என்பதை ஒரு கற்பனைக் கணக்கால் பார்க்கலாம். ஊரில் தகுதியுள்ளவர் 300 பேர், குடும்புக்கு 10 பேர் என்று கொள்வோம். அவர்களில் 100 பேருக்கு ஏரி பராமரிப்பில் நல்ல அனுபவம் உண்டு என்றும் கொள்வோம். ஒரே குடத்திலிருந்து 30 பேரை எடுத்தால் அனுபவமுள்ளவர் சராசரியாக 10 பேர் வருவார்கள். ஒவ்வோராண்டும் சரியாக 10 வராது. ஓராண்டு 8, இன்னோராண்டு 13 என்று மாறும். இந்தக் குலுக்கலை எண்ணற்ற முறை நடத்தி, எந்த எண் எத்தனை முறை வருகிறது என்று குறித்தால் கிடைக்கும் அமைப்பே கூறெடுப்புப் பரவல். இந்தக் கணக்கில் அதன் விரிவை அளக்கும் திட்டப் பிழை ஏறத்தாழ 2.5. பத்துக் குலுக்கலில் ஏழில் 8-லிருந்து 12-க்குள் வரும். 4 அல்லது அதற்கும் குறைவாக வருவது நூறில் ஒரு தடவை என்ற அளவுக்கு அரிது. அரிது என்றாலும் நடக்கும். நடந்த ஆண்டில் மதகையும் கரையையும் அறிந்தவர் போதாமல் ஏரி தவிக்கும்.

இப்போது அந்த 100 பேரும் ஏரிக்கரையை ஒட்டிய 10 குடும்புகளில் மட்டுமே வாழ்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். குடும்புக்கு ஒருவர் என்ற விதிப்படி எடுத்தால் எந்த ஆண்டும் சரியாக 10 பேர் வருவார்கள்; ஏற்ற இறக்கமே இராது. யார் என்பது மட்டும் தற்செயல், எத்தனை பேர் என்பது உறுதி. எல்லாக் குடும்பிலும் அனுபவம் சம அளவில் பரவியிருந்தால் இந்த ஆதாயம் கிடைக்காது. குடும்புக்குக் குடும்பு வேறுபாடு எவ்வளவு அதிகமோ அவ்வளவு ஆதாயம். தொகுதியை முதலில் பகுதிகளாக்கி ஒவ்வொன்றிலும் தனித்தனியே குலுக்கும் இந்த வழியை அடுக்குமுறைக் கூறெடுப்பு என்கிறார்கள். ஏதென்சு நகரமும் தன் 500 பேர் கொண்ட அவையைப் பத்து இனக்குழுவுக்கு 50 பேர் என்று இதே வழியில்தான் எடுத்தது.

இதற்கு ஒரு விலையும் உண்டு. 5 ஓலை உள்ள குடும்பில் ஒருவருக்கு வாய்ப்பு ஐந்தில் ஒன்று; 20 ஓலை உள்ள குடும்பில் இருபதில் ஒன்று. ஆளுக்கு ஆள் சம வாய்ப்பு கிடைக்கவில்லை. இடத்துக்கு இடம் சம உரிமை கிடைத்தது. உத்திரமேரூர்ச் சபை இரண்டாவதை விரும்பியது. ஏரி, தோட்டம், வழி எல்லாம் இடத்தோடு பிணைந்த காரியங்களாக இருந்த ஊரில் அது நல்ல தீர்வு என்றே கொள்ளலாம்.

சபை மறைந்த பிறகும் குலுக்கும் பழக்கம் தொண்டை மண்டலத்தில் நிலத்தோடு தங்கியது. செங்கல்பட்டுப் பகுதியில் மிராசு என்னும் பரம்பரை நில உரிமை நிலவிய ஊர்களில் சில, நிலத்தைப் பங்காளிகளுக்கு நிரந்தரமாகப் பிரித்துக் கொடுக்காமல் பொதுவில் வைத்திருந்தன. அதற்குப் பசுங்கரை என்று பெயர். குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒரு முறை கரையீடு நடத்தி யாருக்கு எந்தத் துண்டு என்று மாற்றிக்கொள்வார்கள். நீர்வளம் உள்ள வயலும் மேட்டு வயலும் ஒருவரிடமே தேங்கிவிடாமல் சுழன்றன. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் ஆட்சியராக இருந்த எல்லிஸ் மிராசு உரிமை பற்றி எழுதிய விடைகளில் இந்த வழக்கம் பதிவாகியிருக்கிறது.

இதுவரை சொன்னவை எல்லாம் நியாயத்துக்காக நடந்த குலுக்கல்கள். பதவியையும் நிலத்தையும் பகிர்வதற்காகக் குலுக்கினார்கள். ஒன்றை அறிந்துகொள்வதற்காகக் குலுக்கலாம், சிலரைப் பார்த்து எல்லோரையும் பற்றிச் சொல்லலாம் என்ற எண்ணம் மிகப் பிந்தியது. அந்த எண்ணம் எவ்வளவு தயங்கி வந்தது என்பதற்குக் காஞ்சிபுரத்துக்கு அருகிலேயே சான்று உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், தம் மாணவர்களைச் சொந்த ஊர்களுக்கு அனுப்பி வீடு, நிலம், கடன், கூலி பற்றிய விவரங்களைத் திரட்டச் செய்தார். 1918-இல் வந்த அந்தத் தொகுப்பில் பாலாற்றின் தென்கரைப் பகுதியில், காஞ்சிபுரத்துக்கு எட்டும் தொலைவில் உள்ள தூசி என்ற ஊரும் ஒன்று. 1930-களில் பி. ஜே. தாமசும் கே. சி. இராமகிருஷ்ணனும் அதே ஊர்களை மீண்டும் ஆய்ந்தார்கள். பின்னரும் ஆய்வுகள் தொடர்ந்தன. ஓர் ஊரின் மாற்றத்தைப் பல தலைமுறை தொடர்ந்து பார்க்க இவற்றைப் போல உதவுவன குறைவு. ஆனால் தூசி தேர்ந்தெடுக்கப்பட்டதற்குக் காரணம் ஒரு மாணவரின் வீடு அங்கே இருந்ததுதான். கல்லூரிக்குப் பிள்ளையை அனுப்ப முடிந்த ஊர்களே பட்டியலில் வந்தன. தூசியின் கடன் அளவை வைத்து அன்றைய வட ஆற்காடு மாவட்டம் முழுவதன் கடனைச் சொல்ல வழியில்லை.

ஏறத்தாழ அதே காலத்தில் ஐரோப்பாவிலும், கூறை எப்படித் தேர்வது என்ற இந்தக் குழப்பம் இருந்தது. நார்வேயின் புள்ளியியலாளர் கியேர் 1895-இல் முழுக் கணக்கெடுப்புக்குப் பதிலாகப் பகுதிக் கணக்கெடுப்பு போதும் என்று வாதிட்டார்; தேர்வு எப்படி இருக்க வேண்டும் என்பதில் தெளிவு வரவில்லை. இத்தாலியில் புள்ளியியலாளர்கள் ஜினியும் கல்வானியும் 1921 மக்கள்தொகைக் கணக்கின் 214 வட்டாரங்களிலிருந்து 29-ஐத் தேர்ந்தார்கள். முக்கியமான சில சராசரிகள் நாட்டின் சராசரியோடு ஒத்துப்போகும்படி பார்த்துப் பார்த்துத் தேர்ந்தார்கள். வேறு பலவற்றை அளந்தபோது ஒத்துப்போகவில்லை. 1934-இல் புள்ளியியலாளர் ஜெர்சி நெய்மன் இந்த எடுத்துக்காட்டைக் கையிலெடுத்து, பார்த்துத் தேர்வதைவிட அடுக்குகளாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் குலுக்குவதே மேல் என்று நிறுவினார். காரணம் தெளிவானது. குலுக்கி எடுத்தால் மட்டுமே கூறெடுப்புப் பரவல் கணிதத்துக்குள் வரும். பிழை எவ்வளவு என்று சொல்ல முடியும். அறிவாளி ஒருவர் தேர்ந்த கூறு உண்மைக்கு மிக நெருக்கமாகவே இருக்கலாம், ஆனால் எவ்வளவு நெருக்கம் என்று அவராலும் சொல்ல முடியாது. குடும்புக்கு ஒருவர் என்ற விதிக்கும் இதில் ஒரு குறை தெரிகிறது: அடுக்குக்கு ஒரே ஒருவரை எடுத்தால் அந்த அடுக்குக்குள் உள்ள வேறுபாட்டை எடுத்த கூறிலிருந்தே மதிப்பிட இயலாது. குறைந்தது இருவர் வேண்டும். பதவிக்கு ஆள் எடுத்த சபைக்கு அந்தத் தேவை இருக்கவில்லை.

நெய்மனிடம் லண்டனில் பயின்ற பி. வி. சுகாத்மே, இந்தியா திரும்பி 1940-களில் வேளாண் ஆராய்ச்சிக் குழுமத்தில் பயிர் அறுவடைச் சோதனைகளை வகுத்தார். அதற்கு முன்பே பி. சி. மகலனோபிசு வங்கத்தில் சணல் பரப்பை மாதிரிக் கணக்கெடுப்பால் மதிப்பிடத் தொடங்கியிருந்தார். 1950-இல் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு பிறந்ததும் அவர் முயற்சியால்தான். நெல்லுக்கான சோதனை இன்று நடக்கும் விதத்தைப் பார்த்தால் பழைய குடத்தின் இடத்தில் சமவாய்ப்பு எண்கள் வந்திருப்பது தெரியும். எந்த ஊர், எந்தப் புல எண், வயலுக்குள் எந்த இடம் என்ற மூன்றையும் எண்களே முடிவுசெய்கின்றன. வயலின் தென்மேற்கு மூலையில் நின்று, நீளத்தில் இத்தனை அடி வைப்பு, அகலத்தில் இத்தனை அடி வைப்பு என்று நடந்து, நின்ற இடத்தில் முளை அடித்து, 5 மீட்டருக்கு 5 மீட்டர் சதுரம் கட்டுகிறார்கள். அந்தச் சதுரத்துக்குள் இருக்கும் கதிரை மட்டும் அறுத்து, அடித்து, தூற்றி எடைபோடுகிறார்கள். கதிர் செழித்த இடத்தைக் கண் தேடும். வரப்போரம் நின்று வேலையை முடிக்கக் கால் விரும்பும். இரண்டுக்கும் எண் இடம் தராது.

சதுரம் ஏன் அவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதில் மகலனோபிசுக்கும் சுகாத்மேக்கும் கடுமையான கருத்து வேறுபாடு இருந்தது. சிறு வட்டங்களை அறுத்தால் செலவு குறையும், எண்ணிக்கையைக் கூட்டலாம் என்பது மகலனோபிசின் பக்கம். சிறு வட்டங்கள் விளைச்சலைக் கூட்டிக் காட்டுகின்றன என்று சுகாத்மே சோதனைகளால் காட்டினார். எல்லைக்கோட்டில் நிற்கும் பயிரை உள்ளே சேர்க்கவே அறுப்பவர் கை நீள்கிறது. வட்டம் சிறிதானால் எல்லைப் பயிரின் பங்கு கூடுகிறது. சோதனைகளின் எண்ணிக்கையைக் கூட்டினால் தற்செயல் பிழை சுருங்கும்; எப்போதும் ஒரே பக்கம் விழும் இந்தச் சாய்வு சுருங்காது. ஆயிரம் வட்டம் அறுத்தாலும் அதே அளவு பிழைதான் நிற்கும். விரித்த உள்ளங்கையில் ஓலையை வாங்கச் சொன்ன விதியும் இப்படிப்பட்ட சாய்வுக்கு எதிரானதே.

தற்செயல் பிழை எவ்வளவு மெதுவாகச் சுருங்கும் என்பதுதான் இன்று உழவரை நேராகத் தொடுகிறது. கூறின் அளவு நான்கு மடங்கானால்தான் திட்டப் பிழை பாதியாகும். 2016-இல் தொடங்கிய பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம், ஊர் அளவில் இழப்பீட்டை முடிவுசெய்ய முதன்மைப் பயிருக்குக் குறைந்தது 4 அறுவடைச் சோதனை என்று வரையறுத்தது. தாலுகா அளவில் 16. வயலுக்கு வயல் விளைச்சல் வேறுபடும் அளவில் பாதியை 4 சோதனையின் சராசரி தன்னுள் பிழையாகச் சுமந்திருக்கும். 16 சோதனையில் அது கால் பங்காகும். உத்திரமேரூரின் வைரமேகத் தடாகத்தின் பாசனத்தில் மடைக்கு அருகில் உள்ள வயலும் கடைமடை வயலும் ஒரே அளவு விளைவதில்லை. நான்கு சதுரங்களில் மூன்று மடையருகே விழுந்த ஆண்டில், கடைமடைக்காரர் தம் வயல் கருகியிருந்தும் ஊர்ச் சராசரி நன்றாக இருப்பதாகக் கேட்க நேர்கிறது. அதிகாரியின் நேர்மையில் குறை இல்லாமலே இது நடக்கும். மடையருகு, நடுப்பகுதி, கடைமடை என்று ஆயக்கட்டை முதலில் பிரித்து ஒவ்வொன்றிலும் தனித்தனியே குலுக்கினால், அதே நான்கு சோதனைகளைக் கொண்டு இந்தப் பிழையைக் குறைக்கலாம்.